புரொஜக்டரில் தமிழ் சப்டைட்டில் உடைகிறது, உதவி தேவை

இடம்: வேலூர் சத்துவாச்சாரி. வரும் ஞாயிறு மாலை டென்மார்க் படமான 'ஃபெஸ்டன்' (1998) திரையிடல். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் மகன் எழுந்து குடும்ப ரகசியத்தைப் போட்டு உடைக்கிறான். விருந்தாளிகள் அடுத்த கோப்பைக்குப் போகிறார்கள். குரூரமான சிரிப்பு அங்கேதான். வசனம் ஒரு நொடி முந்தினாலும் காட்சி செத்தது.

தமிழ் எஸ்ஆர்டி (சப்டைட்டில் ஃபைல்) லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் சுத்தமாக வருகிறது. பென்டிரைவில் போட்டு புரொஜக்டரின் சொந்த பிளேயரில் ஓட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறது. எச்டிஎம்ஐ போர்ட் செத்துவிட்டது, யூஎஸ்பி மட்டும்தான்.

எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8; ஃபைலின் தொடக்கத்தில் வரும் பிஓஎம் அடையாளம் வைத்தும் வைக்காமலும் பார்த்தாயிற்று. பிளேயரில் ஃபான்ட் மாற்ற வழியில்லை. நேரம் பிரச்சினை இல்லை: நொடிக்கு 23.976 ஃபிரேமுக்குச் செய்த சப்டைட்டில் 25 ஃபிரேம் டிவிடியில் கடைசியில் நாலு நிமிஷம் பிந்தியது, சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் ரேட் மாற்றியதும் சரி. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் படத்திலேயே பதித்தால் எழுத்து அருமை, ஆனால் அந்த எம்பி4 தத்தித் தத்தி ஓடுகிறது. என்கோடிங் அமைப்பில் மெயின் புரொஃபைல், லெவல் 3.1, நிலையான 25 ஃபிரேம் வைத்தும் அதே கதை. டிவிடியின் விஓபி ஃபைல் (எம்பெக்-2 வகை வீடியோ) மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது.

எம்பெக்-2 ஆகவே வைத்து, தமிழ் எழுத்து உடையாமல் படத்தில் பதிக்க எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் என்ன கட்டளை கொடுக்க வேண்டும்?