அம்மாவின் நடையைக் கைக்கடிகாரம் தப்பாக எண்ணுகிறது, உதவுங்கள்

அஸ்தம்பட்டிக்காரன்:
அம்மாவுக்கு 71 வயது, ஏற்காட்டில் இருக்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம். ஒரு வாரம் எவ்வளவு நடக்கிறார் என்று பிசியோதெரபிஸ்ட் குறித்துவரச் சொன்னார். காலடி எண்ணும் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டேன். செவ்வாயன்று ஏரிக்கரை வரை போய்வந்தார். கடிகாரத்தில் 212 அடி. வியாழனன்று பஸ்ஸில் சேலத்துக்கு வந்தார். இருக்கையை விட்டு எழவே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்தபோது கூடுதலாக 640 அடி! நடந்தால் கணக்கில்லை, உட்கார்ந்தால் கணக்கா? வேறு வாங்கிவிடலாமா?

மலைக்காற்று:
பொறுங்கள் தம்பி. அம்மா கைத்தடி ஊன்றுகிறாரா? எந்தக் கையில்?

அஸ்தம்பட்டிக்காரன்:
வலது கையில். கடிகாரமும் அதே கையில்தான். இடது மணிக்கட்டில் பழைய தழும்பு, பட்டை உறுத்துகிறதாம்.

மலைக்காற்று:
அதுதான் சங்கதி. கடிகாரத்துக்குள் அசைவை உணரும் முடுக்கமானிக்குக் கால் தெரியாது. கை வீச்சை வைத்து அடியை ஊகிக்கிறது. தடியை அழுத்திப் பிடித்த கை வீசாது. மெதுவாக நடந்தால் அதிர்வும் மெலிந்துவிடும். பல கடிகாரங்கள் தொடர்ந்து சில அடிகள் விழுந்த பிறகே எண்ணத் தொடங்கும். அடுப்படியிலிருந்து திண்ணைக்கு வைக்கும் நாலு அடி கணக்கில் ஏறாது. வளைவில் கம்பியைப் பிடித்துக் குலுங்கும் கையோ அதற்கு நடையாகப் படும். கணுக்காலில் கட்டி, 100 அடியை வாய்விட்டு எண்ணி ஒப்பிடுங்கள். பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைக் குறித்துக் கழித்துவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
நான் பிசியோதெரபி வேலையில் இருப்பவள். எங்கள் முன்னால் 10 மீட்டர் நடக்கச் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து விறுவிறுவென்று நடப்பார்கள். வீட்டில் அந்த நடையைக் காண முடியாது. ஐரோப்பாவின் மொபிலைஸ்-டி என்ற நடை ஆய்வில் உணரியை அடிமுதுகில் வைத்து ஒரு வாரம் அணியச் செய்தது இதற்காகத்தான். எனக்கு ஏரிக்கரையைவிட அந்த நாலு அடிதான் முக்கியம். எழுந்ததும் தடுமாறுகிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை எந்தக் கடிகாரமும் சொல்லாது.

அஸ்தம்பட்டிக்காரன்:
கணுக்காலுக்குப் பட்டை எட்டவில்லை. குளிருக்குப் போடும் காலுறைக்குள் செருகினேன். நான் எண்ணியது 100, கடிகாரம் 93. அம்மாதான் சிரிக்கிறார்: "நான் கொலுசு போட்டிருந்த வயதில், எங்கே நடக்கிறேன் என்று உன் பாட்டி அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள்."