மாதாந்திர நன்கொடையை நிறுத்த வங்கியில் சொன்னால் போதுமா, நிறுவனமும் சம்மதிக்க வேண்டுமா?

கேள்வி – பின்னலாடை நகர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். என் கணவர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் சிறிய பவர்டேபிள் (மின் தையல்) யூனிட் ஒன்றை நடத்துகிறார். 2025 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதிலிருந்து எங்களுக்கு வேலை தந்துகொண்டிருந்த நிறுவனங்களின் ஆர்டர்கள் குறைந்துபோயின. சனிக்கிழமை தையல்காரர்களுக்கு வாரச் சம்பளம் கொடுப்பதற்கே நகையை அடகு வைக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

வசதியாக இருந்த நாளில், ஒரு வணிக வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தொண்டு நிறுவனத்தாரிடம், ஒரு பெண் குழந்தையின் படிப்புக்காக மாதம் 1,500 ரூபாய் தருவதாகப் படிவத்தில் கையெழுத்திட்டேன். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி என் சேமிப்புக் கணக்கிலிருந்து அந்தத் தொகை தானாகவே போய்விடும். தையல் இயந்திரங்களுக்காக வாங்கிய கடனின் இஎம்ஐயும் அதே கணக்கிலிருந்துதான் 7ஆம் தேதி பிடிக்கப்படுகிறது. சென்ற மாதம் நன்கொடை போனபின் இஎம்ஐக்குச் சில நூறு ரூபாய் குறைந்ததால் அது திரும்பிவிட்டது. வங்கி 500 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 90 ரூபாயும் எடுத்துக்கொண்டது. கடன் தந்தவர்கள் தனியாக ஒரு அபராதம் போட்டார்கள்.

நன்கொடையை நிறுத்தும்படி அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம், தொகையைக் குறைக்கலாம் என்றே திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, ரத்து செய்கிறேன் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மின்னஞ்சல் அனுப்பினால் பரிசீலிக்க 45 நாள் வரை ஆகும் என்றும், நடுவில் நிறுத்தினால் குழந்தையின் கல்வி பாதிக்கப்படலாம் என்றும் சொன்னார்.

அவர்கள் சம்மதம் இல்லாமல் வங்கியிலேயே இதை நிறுத்த முடியுமா? படிவத்தில் 2030 வரை என்று போட்டிருக்கிறது. இடையில் நிறுத்தினால் சட்டச் சிக்கல் ஏதும் வருமா? தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று என் மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சிறுமி எழுதும் கடிதம் வருவதால் என்னால் அப்படி முடித்துவிட முடியவில்லை. ஏழாம் வகுப்புக்குப் போகிறாள் என்றும், பள்ளிக்குப் போகும் வழியில் புதிதாகப் பாலம் கட்டுகிறார்கள் என்றும் கடைசியாக எழுதியிருந்தாள். நான் நிறுத்தினால் அவள் படிப்பு உண்மையிலேயே நின்றுவிடுமா?

இது தவிர, தெருநாய்களுக்கான காப்பகம் ஒன்றுக்கு யுபிஐ வழியாக மாதம் 300 ரூபாய் போகிறது. அதையும் நிறுத்துவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பதில் – ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

வணக்கம் அம்மா. உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வங்கியிலேயே நிறுத்தலாம்; அதற்கு நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை.

நீங்கள் கையெழுத்திட்டது நாச் மேண்டேட் எனப்படும் படிவமாகத்தான் இருக்க வேண்டும்; கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க நீங்கள் தரும் அனுமதி அது. பாஸ்புக்கில் பணம் பிடித்த அந்தப் பதிவின் தொடக்கத்தில் ‘நாச்’ என்றோ ‘ஏசிஎச்’ என்றோ அச்சாகியிருந்தால் அதை உறுதி செய்துகொள்ளலாம். அந்தப் படிவத்தின் நகல் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். புதிதாக ஏற்படுத்த, திருத்த, ரத்து செய்ய என்று மூன்று கட்டங்கள் அதன் இடது ஓரத்திலேயே இருக்கும். அதாவது சேர்வதற்கும் விலகுவதற்கும் ஒரே படிவம்தான். கையெழுத்துக்கு அருகே பொடி எழுத்தில், இந்த அனுமதியை ரத்து செய்யவோ திருத்தவோ பணம் பெறும் நிறுவனத்திடமோ பற்று வைக்கும் வங்கியிடமோ தெரிவிக்கும் உரிமை எனக்கு உண்டு என்பதைப் புரிந்துகொண்டேன் என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் “நிறுவனத்திடம் போய்க் கேளுங்கள்” என்று திருப்பி அனுப்பினால், அந்த வரியைக் காட்டுங்கள். என் பணிக்காலத்தில் புதிதாக வந்த எழுத்தர்கள் பலர் அந்த வரியைப் படித்ததே கிடையாது.

ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் யுஎம்ஆர்என் என்ற இருபது எழுத்து எண் உண்டு. அது பதிவானபோது வந்த குறுஞ்செய்தியில் இருக்கலாம். இல்லையென்றால் நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதியில் பார்க்கலாம், அல்லது கிளையில் கேட்டால் தருவார்கள். பல வங்கிகளில் நெட் பேங்கிங்கிலேயே ரத்தும் செய்துவிடலாம். கிளைக்கு நேரில் போவதானால், கணக்கு எண், யுஎம்ஆர்என், நிறுவனத்தின் பெயர், தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, அதன் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பற்று விவரம் சில நாள்களுக்கு முன்பே வங்கிகளுக்கிடையே அனுப்பப்பட்டிருக்கலாம் என்பதால், 4ஆம் தேதி மாலையில் போய் நிற்காமல் ஒரு வாரம் முன்னதாகப் போவது நல்லது.

உங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் கடனுக்கான மேண்டேட்டும் இருக்கிறது. இரண்டும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும்போது அவசரத்தில் இஎம்ஐ மேண்டேட்டை ரத்து செய்துவிட்டால், அடுத்த தவணை தவறி உங்கள் கிரெடிட் ஸ்கோர் அடிபடும். ஆகவே எண்ணை நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கணக்கில் பணம் இல்லாமல் வைத்திருந்தால் தானாகவே நின்றுவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். நன்கொடைக்கான நாச் திரும்பினாலும் வங்கி அபராதம் போடத்தான் செய்யும். மேண்டேட்டோ உயிரோடு இருக்கும், அடுத்த மாதமும் வரும்.

யுபிஐ ஆட்டோபே விஷயம் இன்னும் எளிது. எந்தச் செயலியில் அனுமதி கொடுத்தீர்களோ அதிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய், ரகசிய எண்ணைப் போட்டு ரத்து செய்துவிடலாம். கார்டு மூலம் நன்கொடை தரும் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் முதல், பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், அதிலிருந்தே விலகிக்கொள்ளும் வழியும் இருக்க வேண்டும்.

பதில் – கோவை வழக்கறிஞர்

சட்டக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 25ஆம் பிரிவு: பிரதிபலன் இல்லாத உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, செல்லாது. நீங்கள் 2030 வரை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், பதிலுக்கு எதையும் பெறாததால் அதை வைத்து உங்களிடம் வசூலிக்க முடியாது.

மின்னணுப் பற்று பணமில்லாமல் திரும்பினால் காசோலை திரும்பியதைப் போலவே குற்றம் என்று சொல்லி யாரேனும் பயமுறுத்தலாம். அப்படி ஒரு பிரிவு 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது. தற்செயலாக அதுவும் 25ஆம் பிரிவுதான். ஆனால் அது கடனையோ வேறு சட்டப் பொறுப்பையோ தீர்ப்பதற்காகச் செலுத்தும் தொகைக்குத்தான் பொருந்தும். நன்கொடை கடன் அல்ல. உங்கள் இஎம்ஐ கடன். இரண்டில் ஒன்றுதான் கட்ட முடியும் என்ற நிலையில் எதை முதலில் கட்ட வேண்டும் என்பதற்குச் சட்டத்தின் பதில் இதிலேயே இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1886இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஹவுராவில் நகர மண்டபம் கட்ட நூறு ரூபாய் தருவதாகச் சந்தாப் பட்டியலில் கையெழுத்திட்டவர் பிறகு தர மறுத்தார். பட்டியலில் சேர்ந்த தொகைகளை நம்பி ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டார்கள் என்பதால், அவர் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்கு மாறாக, 1914இல் அலகாபாத்தில், மசூதியைச் செப்பனிட 500 ரூபாய் தருவதாகச் சொன்னவர் தராமல் போனபோது, அந்தச் சொல்லை நம்பி எந்த வேலையும் தொடங்கப்படவில்லை என்பதால் கேட்க முடியாது என்றார்கள். உங்கள் நிறுவனம் உங்களுடைய 1,500 ரூபாயைக் குறிப்பாக நம்பி யாருக்கும் ஒப்பந்தம் கொடுத்திருக்கப் போவதில்லை. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று அவர்களுடைய படிவமே சொல்கிறது. ஆகவே கவலை வேண்டாம்.

பதில் – முன்னாள் தொண்டு நிறுவன ஊழியர்

நான் சில ஆண்டுகள் இதே போன்ற ஒரு நிறுவனத்தில் நன்கொடையாளர் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தேன். உங்களிடம் பேசிய பெண்ணின் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: முதலில் தற்காலிக நிறுத்தம், அடுத்து தொகைக் குறைப்பு, அதற்கும் இசையாவிட்டால்தான் ரத்து. அந்த வரிசையை மீறி அவரால் பேச முடியாது. அவர்மீது கோபம் கொள்ள வேண்டாம். ஆனால் அந்த வரிசைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

உங்களை உறுத்துவது குழந்தையைப் பற்றிய கேள்விதான் என்று நினைக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் ஒரு குழந்தையின் பெயரில் வந்த பணம் அந்தக் குழந்தையின் கைக்கோ குடும்பத்துக்கோ நேராகப் போனதில்லை. அந்த ஊரில் வேலை செய்யும் திட்டத்தின் பொதுத் தொகையில் சேர்ந்து, மாலை நேர வகுப்பு ஆசிரியரின் சம்பளம், நோட்டுப் புத்தகம், மருத்துவ முகாம் என்று செலவாகும். பெரிய நிறுவனங்கள் பலவற்றிலும் இதுவே நடைமுறை. உங்களுக்கு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இது எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. நீங்கள் விலகினால் அந்தச் சிறுமியின் பெயர் வேறு ஒரு நன்கொடையாளருக்குத் தரப்படும். அதுவரை அவள் வகுப்புக்கு வந்துகொண்டுதான் இருப்பாள். குழந்தையின் கல்வி பாதிக்கப்படலாம் என்று உங்களிடம் சொன்னது சரியல்ல என்பது என் கருத்து. நூறு பேர் ஒரே மாதத்தில் விலகினால் திட்டம் பாதிக்கப்படும் என்பது உண்மைதான். அந்தச் சுமையை ஒருவர் தலையில் ஏற்றுவது முறையாகாது.

வங்கி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வங்கியில் ரத்து செய்யும் அதே நாளில் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் உங்கள் பெயருக்கு எதிரே ‘பற்று தோல்வி’ என்று விழும், உடனே அழைப்புகள் தொடங்கிவிடும். நன்கொடையாளர் எண், கடைசியாகப் பணம் போன தேதி, இன்ன தேதியோடு நிறுத்துகிறேன், இனி தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்ற நான்கு செய்திகள் போதும். காரணம் எழுத வேண்டாம். எழுதினால் அந்தக் காரணத்துக்கு ஏற்ற பதில் ஒன்று அவர்களிடம் தயாராக இருக்கும்.

அந்தச் சிறுமிக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுத விரும்பினால் நிறுவனத்தின் வழியாகவே அனுப்புங்கள். முகவரி, தொலைபேசி எண் எதையும் அதில் எழுதாதீர்கள். குழந்தைப் பாதுகாப்பு விதி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

பதில் – வரிக்கணக்கு

யாரும் கேட்கவில்லை என்றாலும், வரிச் சலுகை போய்விடும் என்ற வாதம் எப்படியும் வரும் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் புதிய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவரானால் இத்தகைய நன்கொடைக்கு வரிக் கழிவே கிடையாது. ஆகவே இழப்பதற்கும் ஒன்றுமில்லை. பழைய முறையானால், நிறுத்துவதற்கு முன் அந்த நிதியாண்டில் கொடுத்த தொகைக்குக் கழிவு உண்டு. அதற்கான நன்கொடைச் சான்றிதழை நிறுவனம் நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் தர வேண்டும். நீங்கள் விலகிவிட்டீர்கள் என்பதற்காக அதை மறுக்க முடியாது. மின்னஞ்சலில் பான் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு வரி கேட்டு வையுங்கள்.

தற்காலிக நிறுத்தத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம் கழித்து உங்களைக் கேட்காமலேயே 5ஆம் தேதி பணம் போகும். அப்போதும் 7ஆம் தேதி இஎம்ஐ இருக்கும்.

பின்னலாடை நகர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்துவிட்டேன். முதலில் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். படிவத்தில் இருந்த அந்த வரியைக் காட்டியதும் மேலாளரிடம் அனுப்பினார்கள், அவர் உடனே ஏற்றுக்கொண்டார். ஐயா சொன்னபடியே இரண்டு மேண்டேட்டுகளும் திரையில் அடுத்தடுத்துத் தெரிந்தன. தொகையைப் பார்த்தும் எண்ணை வாசித்தும் உறுதி செய்த பிறகுதான் கையெழுத்திட்டேன். நிறுவனத்துக்கும் நான்கே வரியில் மின்னஞ்சல் போயிற்று. நாய்க் காப்பகத்தின் 300 ரூபாயை இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கிறேன். அங்கே தீவனம் வாங்கும் பில்லை மாதாமாதம் படமெடுத்து அனுப்புகிறார்கள், அந்தத் தொகையில் என் குடும்பம் தடுமாறப் போவதும் இல்லை.

ரத்தானதாக வங்கியிலிருந்து இன்னும் குறுஞ்செய்தி வரவில்லை. காத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

இரண்டு வேலை நாள் பாருங்கள் அம்மா. அதற்குள் வராவிட்டால் நெட் பேங்கிங்கில் அந்த மேண்டேட்டுக்கு எதிரே ரத்து என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சீல் வாங்கிய நகலோடு மறுபடியும் மேலாளரிடம் போங்கள். அதையும் மீறி 5ஆம் தேதி பணம் பிடிக்கப்பட்டால், நகலின் தேதியைக் குறிப்பிட்டு, தொகையைத் திரும்ப வரவு வைக்கும்படி கிளையில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது. எதற்கும் இந்த மாதம் மட்டும் இஎம்ஐக்கு மேலே 1,500 ரூபாய் கூடுதலாகக் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.