ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஓவர்டிரைவ் மாட்டலாமா?

செங்கோட்டை ஹெரால்டு:
வணக்கம். பெரியப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி, நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும், இந்தப் பக்கம் ராஜபாளையத்துக்கும் எடுத்துப் போவேன். மலை ஏறுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மெதுவாக ஏறும், ஆனால் ஏறிவிடும். தொல்லை சமவெளியில்தான். 80ஐத் தொட்டாலே எஞ்சின் போடுகிற சத்தத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்காது, இன்னொரு கியர் இருக்காதா என்று கை தானாகத் தேடுகிறது. சுவிட்சைத் தட்டினால் டாப்புக்கும் மேல் இன்னொரு கியர் போல எஞ்சின் சுற்றைக் குறைக்கிற லேகாக் ஓவர்டிரைவ் பற்றிப் படித்தேன். இருக்கிற கியர்பாக்ஸுக்குப் பின்னாலேயே அதை மாட்டிவிட முடியுமா? எங்கள் மெக்கானிக் டிஃப்ரென்ஷியலை (பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) மாற்றினால் போதும், செலவும் கம்மி என்கிறார்.

கோவை லேத்:
தனியாக ஓவர்டிரைவை மட்டும் வாங்கி வந்து சொருக முடியாது தம்பி. அதற்கான கியர்பாக்ஸில் உள்ளே ஓடுகிற மெயின் ஷாஃப்ட்டே வேறு, அதன் பின் முனை ஓவர்டிரைவுக்குள் போய் உட்காரும், நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வரும். அதனால் ஓவர்டிரைவோடு சேர்ந்த முழு கியர்பாக்ஸாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், வைட்டெஸ் கார்களில் கூடுதல் பணத்துக்குக் கொடுத்தார்கள், அந்த ஓவர்டிரைவை டி டைப் என்பார்கள். ஸ்பிட்ஃபயர் 1500இல் வந்தது வேறு கியர்பாக்ஸ், விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதே.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், காருக்குள் கியர்பாக்ஸை மறைத்திருக்கிற கவரைக் கழற்றினால் கியர்பாக்ஸ் பெட்டி காருக்குள்ளேயே மேலே வந்துவிடும், அடியில் படுத்துக்கொண்டு போராட வேண்டாம். ஆனால் புதுப் பெட்டி நீளம் அதிகம். பின் மவுண்டிங் தள்ளிப் போகும், கியர்பாக்ஸிலிருந்து டிஃப்ரென்ஷியலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்டைக் குட்டையாக்கி பேலன்ஸ் பார்க்க வேண்டும். இது கோவையில் வழக்கமாகச் செய்கிற வேலைதான்.

அப்புறம் வயரிங். டி டைப்பைப் போட்டு எடுக்கிற மின்காந்தம், அதாவது சொலினாய்டு, இழுக்கும் நொடியில் 15 ஆம்பியருக்கு மேல் குடிக்கும், உள்ளே போய் உட்கார்ந்ததும் கொஞ்சம்தான். ரிலே இல்லாமல் நேராக சுவிட்சில் கொடுத்தால் சுவிட்ச் கருகும்.

கணவாய்க் காத்து:
பாலக்காட்டிலிருந்து எழுதுகிறேன். நான் மெக்கானிக் கட்சி. உங்கள் காரில் டிஃப்ரென்ஷியல் விகிதம் 4.875, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.875 சுற்று சுற்றும். ஹெரால்டு 1200இல் வந்த 4.11 அதே இடத்தில் உட்காரும். டாப் கியரில் 80இல் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடுகிற எஞ்சின் 3050க்கு இறங்கிவிடும். டிஃப்ரென்ஷியலைத் தொடாமல் ஓவர்டிரைவ் மாட்டினால், அது சுற்றை 0.80 மடங்காக்கும் என்றால் 2900. இந்த 150 சுற்றுக்காக இங்கிலாந்திலிருந்து பெட்டி வரவழைத்து, சுங்கவரி கட்டி, ஷாஃப்ட் வெட்டி... தேவையா? எஞ்சினும் 35 குதிரைசக்திதான். எதிர்காற்றில் ஓவர்டிரைவ் டாப்பை அது இழுக்குமா என்று யோசியுங்கள். எங்கள் வாளையார் ரோட்டில் காற்று அடிக்கிற மாதத்தில் வந்து ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

புளியரைக்காரன்:
கணவாய் அண்ணாச்சி கணக்கு சரி, ஆனால் அவர் ஓட்டுவது தரை ரோடு. டிஃப்ரென்ஷியலை மாற்றினால் டாப் மட்டுமா நீளும், நான்கு கியரும் சேர்ந்து நீளும். ஃபர்ஸ்ட் கியர் இழுவையில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். புளியரை எஸ் வளைவில் முன்னால் சரக்கு லாரி நின்றுவிட்டது, பின்னால் கேரளா பஸ் முட்டிக்கொண்டு நிற்கிறது, நான்கு பேரை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஃபர்ஸ்டில் பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்கிற சிங்க்ரோ வேறு கிடையாது, உருளும்போது போட்டால் பல் கரகரக்கும். அந்த இடத்தில் 4.875 செய்கிற உதவியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பேன். ஓவர்டிரைவில் கீழ் கியர்கள் அப்படியே இருக்கும், வேண்டும்போது சுவிட்சைத் தட்டினால் போதும். மூன்றாவதிலும் போடலாம், அது மூன்றுக்கும் டாப்புக்கும் நடுவில் ஒரு கியர், தென்மலையிலிருந்து புனலூர் வரை மேடும் பள்ளமுமாகப் போகிற ரோட்டுக்கு ரொம்பப் பொருத்தம். இறக்கத்தில் மட்டும் அணைத்துவிடுங்கள், எஞ்சின் பிடித்து நிறுத்துகிற பலம் குறையும்.

ஸ்பீடாமீட்டரையும் பாருங்கள். கேபிள் ஓவர்டிரைவின் பின்பக்கத்திலிருந்து வருகிறது, அதனால் போட்டாலும் அணைத்தாலும் வேகம் சரியாகவே காட்டும். டிஃப்ரென்ஷியல் மாற்றினால் 80இல் போகும்போது 67 என்று காட்டும்.

செங்கோட்டை ஹெரால்டு:
எஸ் வளைவைச் சொன்னதும் முடிவு பண்ணிவிட்டேன், ஓவர்டிரைவ்தான். இதில் கெட்டுப்போகிற சமாச்சாரம் என்ன?

கோவை லேத்:
ரிவர்ஸ். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் உள்ளே இருக்கிற ஒருவழி கிளட்ச் நொறுங்கும். இதற்காகவே கியர்பாக்ஸ் மேல்மூடியில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, மூன்றிலும் டாப்பிலும் மட்டும் கரண்ட் விடும். பழைய பெட்டிகளில் பாதிக்கு அதைக் காணோம், அல்லது யாரோ வயரை நேராக இணைத்து வைத்திருப்பார்கள். மாட்டுவதற்கு முன்பே டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்.

அடுத்தது எண்ணெய். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய்தான், அந்த எண்ணெயின் அழுத்தத்தில்தான் உள்ளே கூம்பு கிளட்ச் நகர்ந்து பிடிக்கிறது. அளவு குறைந்தால் முதலில் ஓவர்டிரைவ்தான் வேலைநிறுத்தம் செய்யும். பலரும் சொலினாய்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், கடைசியில் பார்த்தால் எண்ணெய் ஒழுகியிருக்கும்.

ஷாஃப்டை இப்போதே வெட்டக் கொடுக்காதே. பெட்டியை இறக்கி, மவுண்டிங் முறுக்கி, அதற்குப் பிறகு அளவெடுத்துக்கொண்டு வா.