சியாட்டில் ஏப்ரல் மழை: பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு எங்கே போவது?

லின்வுட்_கோவை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து சியாட்டிலுக்கு வடக்கே உள்ள லின்வுட்டுக்குக் குடிவந்தோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், நான்கு வயது மகள், பிப்ரவரியில் ஊரிலிருந்து வந்த மாமியார், நாங்கள் இருவர் என வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். குளிர்கால மழையை நாலரை மணி இருட்டோடு சேர்த்து எப்படியோ சகித்துக்கொண்டோம். ஆனால் செர்ரி மரங்கள் பூத்து, மாலை எட்டு மணிவரை வெளிச்சம் நிற்கிற ஏப்ரலிலும் வானம் இப்படிக் கசிந்துகொண்டே இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

காலையில் கைபேசியைத் திறந்தால் நாள் முழுவதற்கும் மழைச் சின்னம்தான் தெரிகிறது. அதைப் பார்த்து வெளியே போகும் எண்ணத்தைக் கைவிட்டு, பிள்ளைகள் கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், மூன்று மணிக்குக் கண்கூசும்படி வெயில் அடிக்கிறது. எல்லோரையும் கிளப்பி வாசலுக்கு வருவதற்குள் மறுபடியும் தூறல் தொடங்கிவிடுகிறது. சித்திரை பிறக்கப்போகிறது, ஊரில் மொட்டைமாடியில் வடாம் பிழியும் நேரம் இது என்று மாமியார் ஜவ்வரிசிப் பொட்டலத்தை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. பிள்ளைகள் நனைந்தால் சளி பிடிக்கும் என்ற அச்சமும் உண்டு, அதில் என் கணவர் அவர் பக்கம்.

அடுத்த வாரம் பள்ளிக்கு வசந்தகால விடுமுறை. அதிக தூரம் இல்லாமல், அரை நாளில் போய்த் திரும்பும்படி நீங்கள் எங்கே போகிறீர்கள், இந்த மழையை வைத்துக்கொண்டு எப்படித் திட்டமிடுகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். வடக்கே ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் உள்ள துலிப் தோட்டங்களுக்கு மாமியாரை அழைத்துப் போகலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பழைய_எவரெட்வாசி எழுதுகிறார்:

சகோதரி, நீங்கள் பார்க்கும் மழைச் சின்னத்தை முதலில் நம்பாமல் இருங்கள். சியாட்டிலில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழைதான் பெய்கிறது, சென்னையில் ஏறத்தாழ 1,400 மி.மீ. பெய்கிறது. சென்னை அதை ஐம்பது அறுபது நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். இந்த ஊரோ ஏறக்குறைய 150 நாட்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும். ஏப்ரல் மாதம் முழுவதும் சேர்த்தே 80 மி.மீ. அளவுதான், அது நம் ஊரில் ஒரு கார்த்திகை அடைமழை ஒரே நாளில் தந்துவிடக்கூடியது. ஆகவே நாள் முழுவதும் மழை என்று கைபேசி காட்டும்போது, அங்கங்கே, அவ்வப்போது பெய்யும் என்றே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். மணிவாரிக் கணிப்பையும் ரேடார் படத்தையும் பாருங்கள். வெயில் சின்னத்துக்காகக் காத்திருந்தால் ஜூலைதான் வரும்.

அடுத்தது, நீங்கள் குடியிருக்கும் இடம். பசிபிக்கிலிருந்து வரும் காற்று ஒலிம்பிக் மலைத்தொடரில் மோதி, வடக்கே ஒரு கிளையும் தெற்கே ஒரு கிளையுமாகப் பிரிந்து மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்கழியின் மேல் மறுபடியும் சந்திக்கிறது. சந்திக்கும் இடத்தில் காற்று மேலே எழும்பி, மேகம் திரண்டு, குறுகிய பட்டையாக மழை கொட்டுகிறது. அந்தப் பட்டை பெரும்பாலும் எவரெட்டுக்கும் வடக்கு சியாட்டிலுக்கும் இடையில், அதாவது லின்வுட்டின் தலைக்கு மேல்தான் நிற்கும், வசந்தகாலத்தில் இது அடிக்கடி நேரும். உங்கள் வாசலில் கொட்டும்போது தெற்கே அரை மணி தூரத்தில் ரென்டனில் தரை காய்ந்திருப்பது இங்கே அதிசயமே இல்லை. ரேடாரில் கிழக்கு மேற்காக ஒரு பட்டை அசையாமல் நிற்கக் கண்டால், வீட்டில் உட்காராமல் தெற்கே கிளம்பிவிடுங்கள்.

அதே மலையின் மறுபுறம், மலை தடுப்பதால் மழை குறைந்த மழைமறைவுப் பகுதி. மலையின் மேற்குச் சரிவில் உள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்ய, வடகிழக்கில் உள்ள ஸ்குவிம் ஊருக்கு 400 மி.மீ. அளவே கிடைக்கிறது. ஸ்குவிம் உங்களுக்குத் தொலைவு. ஆனால் விட்பி தீவின் நடுப்பகுதியும் அந்த மறைவில்தான் இருக்கிறது. மக்கில்டியோவில் காரோடு படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் தீவின் கிளின்டன், அங்கிருந்து முக்கால் மணிக்குள் கூப்வில். அரை நாள் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ரப்பர்_பூட்ஸ்_அம்மா எழுதுகிறார்:

மேலே சொன்னவர் வானத்தைப் பார்த்துக்கொண்டார், நான் துணிமணியையும் அடுப்படியையும் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளை நடுங்க வைப்பது பெரும்பாலும் மழையைவிட ஈரப் பருத்தித் துணிதான். ஜீன்ஸும் பருத்தி சாக்ஸும் நனைந்தால் மாலைவரை காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். தலைமூடி வைத்த மழைச்சட்டை, மேலே மாட்டிக்கொள்ளும் மழைக்கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் சாக்ஸ் இருந்தால் போதும். குடையை நம்பாதீர்கள்; காற்று சாய்வாக அடிக்கும்போது அது பிள்ளைகளின் கண்ணைக் குத்துவதற்குத்தான் உதவும். பள்ளியிலேயே தூறலில் இடைவேளைக்கு வெளியே விடுகிறார்கள் என்பதை உங்கள் கணவருக்கு நினைவூட்டுங்கள். காரில் ஒரு பையில் மாற்று சாக்ஸும் துண்டும் எப்போதும் கிடக்கட்டும். திரும்பி வந்ததும் பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் மறுநாள் காலைக்குள் உள்ளே காய்ந்துவிடும்.

இனி வடாம். இந்த மாதத்தில் பால்கனியில் பிழிந்தால் வடாமுக்குப் பதிலாகப் பூஞ்சைதான் கிடைக்கும். எங்கள் வீட்டில் உணவு உலர்த்தும் மின்கருவியில்தான் போடுகிறோம். ஜவ்வரிசிக் கூழை வழக்கத்தைவிடச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சி, பச்சைமிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, தட்டில் பார்ச்மென்ட் தாளை விரித்துச் சிறு கரண்டியால் ஊற்ற வேண்டும். கருவியின் சூட்டை 55 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, மேற்புறம் காய்ந்து ஓரம் தூக்கியதும் ஒவ்வொன்றாக உரித்துத் திருப்பிப் போட வேண்டும். ஒடித்தால் சட்டென்று முறிகிற பதம் வந்த பிறகே டப்பாவில் அடையுங்கள், உள்ளே துளி ஈரம் இருந்தாலும் எண்ணெயில் பொரியாமல் கல்லாகிவிடும். வெயிலில் காய்ந்த மணம் இதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊற்றுகிற வேலையைப் பாட்டியும் பேத்தியுமாகச் செய்தால் ஒரு மழைக்காலை நல்லபடியாகப் போய்விடும், டேப்லெட்டைப் பற்றிய பேச்சே எழாது.

வெளியே போக வேண்டுமானால் லின்வுட்டிலிருந்து ரயில் இருக்கிறதே! 2024 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது, 18 வயது வரை கட்டணம் இல்லை. பிள்ளைகளுக்கு ரயிலே பாதிப் பயணம். கேப்பிடல் ஹில் நிலையத்தில் இறங்கிப் பேருந்திலோ வாடகைக் காரிலோ வாலண்டியர் பூங்காவுக்குப் போனால், 1912இல் கட்டிய கண்ணாடி மாளிகை ஒன்று இருக்கிறது. பனைக்கு ஓர் அறை, பெரணிக்கு ஓர் அறை, கள்ளிக்கு ஓர் அறை என்று ஐந்து அறைகள், உள்ளே வெதுவெதுப்பு. மேலே கண்ணாடியில் மழை பட்டுக்கொண்டிருக்க, உங்கள் மாமியார் ஊர்ச்செடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிக்கொண்டே நடப்பார்.

சேறு_வேண்டாம் எழுதுகிறார்:

துலிப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழங்கால் வலி உள்ளவரை, மழை பெய்த மறுநாள், சனி ஞாயிறில் அழைத்துப் போகாதீர்கள். ஏப்ரல் மாதம் முழுவதும் திருவிழா என்றாலும் பூ எப்போது விரியும் என்பதைக் குளிர்தான் தீர்மானிக்கிறது, ஆகவே தோட்டக்காரர்கள் வெளியிடும் பூப்பு நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வயல் வரப்பில் களிமண் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலை விடாது. பெரியவர்கள் வழுக்கி விழ அது போதும். அங்குள்ள ரோசன்கார்ட் என்ற துலிப் பண்ணையில் நுழைவாயிலை ஒட்டிப் பாத்தி கட்டி நட்ட தோட்டம் ஒன்று இருக்கிறது. அம்மா அங்கே நின்று பார்க்கட்டும், வயலுக்குள் நீங்களும் பிள்ளைகளும் போய் வாருங்கள். வார நாளில் காலையிலேயே போய்விட்டால் வழியில் வண்டி நெரிசலும் குறைவு.

நல்ல மழை பெய்த மறுநாளுக்கு என் தேர்வு ஸ்னோக்வால்மி அருவி. 268 அடி உயரம். மழையும் மலைப்பனி உருகிய நீரும் சேர்ந்து வரும் இந்த மாதத்தில் அதன் ஆரவாரமே தனி. மேல் பார்வை மேடை வாகன நிறுத்தத்திலிருந்து சிறிது நடையில் இருக்கிறது, கீழே இறங்கும் செங்குத்துப் பாதையை அம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம். மேடைவரை சாரல் அடிக்கும், கண்ணாடி அணிந்தவர்கள் துடைத்துக்கொண்டே பார்க்க வேண்டியதுதான்.

லின்வுட்_கோவை:

அனைவருக்கும் மிக்க நன்றி. வடாம் செய்முறையை மாமியாரிடம் படித்துக் காட்டினேன், மின்சாரத்தில் காய்வதெல்லாம் ஒரு வடாமா என்றார். ஆனாலும் கருவியின் விலையை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். விடுமுறையில் ஒரு நாள் கண்ணாடி மாளிகைக்கும் ஒரு நாள் படகுக்கும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். படகில் காரை விட்டு மேல் தளத்துக்கு ஏறப் படிகள் செங்குத்தாக இருக்குமா? தீவுக்குப் போகாமல் சும்மா படகில் மட்டும் போய் வர முடியுமா?

பழைய_எவரெட்வாசி:

தாராளமாக முடியும். அதற்கு உங்களுக்கு அருகில் உள்ள எட்மண்ட்ஸிலிருந்து கிளம்பும் எட்மண்ட்ஸ்–கிங்ஸ்டன் படகு நல்லது, அரை மணி நேரப் பயணம். நடந்து ஏறுகிறவர்களிடம் மேற்கே போகும்போது மட்டும்தான் கட்டணம் வாங்குவார்கள், திரும்பும்போது இல்லை. 18 வயது வரை இலவசம், 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம். உள்ளே பெரிய சன்னல்களும் நீண்ட இருக்கைகளும் உண்டு; பல படகுகளில் பயணிகள் பாதி சேர்த்துவிட்டுப் போன படப்புதிர்கள் மேசைமேல் கிடக்கும், உங்கள் மகன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். காரோடு போவதானால் இரண்டு திசைக்கும் கட்டணம் உண்டு. அப்போது சீட்டு வாங்கும்போதே, மின்தூக்கிக்கு அருகில் வண்டியை நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஏற்றிவிடும் ஊழியர்கள் இடம் பார்த்துக் கொடுப்பார்கள், அம்மா படி ஏற வேண்டியிருக்காது.