புதுப்பிப்பு: பழைய மரக்கதவில் கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர்

கீல் திருகுகளுக்கு 3.6 வோல்ட் மிஷினே போதும் என்று முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய தேக்கு, வேம்புக் கதவு நிலைகளில் அது பாதியிலேயே நின்றுவிடும். மோட்டாரைத் திணறவிடாதீர்கள். 8-ஆம் நம்பர் திருகுக்கு முதலில் 3 மி.மீ. துளை போட்டு, மரையில் சோப்பு தேய்த்து ஏற்றுங்கள். பித்தளைத் திருகு என்றால், அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஏற்றிக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் தலை முறிந்து மீதி மரத்துக்குள்ளேயே தங்கிவிடும். கடைசி இரண்டு சுற்று கையால்தான்.

துளை லூசாகியிருந்தால் ஃபெவிகால் தடவிய பனஞ்சிராம்பை அடித்து இறக்கி, ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

உவரி மாதிரி கடலோர ஊர்ப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகே வாங்குங்கள். உப்புக்காற்றில் சாதா இரும்பின் தலை துருவேறிவிட்டால், கழற்றும்போது மிஷினின் பிட் (முனை) பிடிக்காது.