புதுப்பிப்பு: சின்ன ஆச்சி காய்ச்சலில் சாகவில்லை

ஆச்சிக்கு ஒரு தங்கை இருந்ததாகவும், அவருக்கு ஒரு பிள்ளை பிறந்ததாகவும், "காய்ச்சல்ல போயிட்டா" என்று வீட்டில் சொல்வார்கள் என்றும் போன மாதம் எழுதியிருந்தேன். அது பொய். நேற்று தக்கலையில் பெரிய மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பிரசவத்துக்குப் பிறகு சின்ன ஆச்சி தூங்கவில்லை, பிள்ளையைத் தொடவில்லை. இன்றைக்கு என்றால் சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகிற நோய். 1955-ல் மனநல மருத்துவமனையில் கொண்டு விட்டார்கள். மறுவருடம் நவம்பர் 1-ல் எங்கள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, மருத்துவமனை கேரளத்தில் நின்றது. அதையே சாக்காக வைத்துப் பார்க்கப் போவதையும் நிறுத்தியிருக்கிறார்கள். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்!

மாமா ஒரு பித்தளைச் செம்பைக் காட்டினார். கழுத்தில் சின்ன ஆச்சியின் பெயர் வெட்டிய இடத்தை அரத்தால் ராவியிருக்கிறார்கள். தடவினால் கடைசி எழுத்து மட்டும் விரலில் தட்டுப்படுகிறது.

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ம் பிரிவு. வாசித்ததும் அழுதுவிட்டேன்.

அப்புறம், அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். மாமாதான் அது. ஆச்சி தன் மகனாகவே வளர்த்திருக்கிறார்.

பழைய பதிவேடு கேட்டு மாமா மனு எழுதிவிட்டார். செம்பைப் பெயர் வெட்டக் கொடுத்திருக்கிறோம்.