அப்பாவுக்கு நடைப் பாட்டு

சின்னக்கா: எல்லாரும் இருக்கிறீர்களா? இடுப்பு அறுவை முடிந்து 12 நாள் ஆகிறது, இன்றும் அப்பா வாக்கரைத் தொடமாட்டேன் என்கிறார். காலை, மாலை 20 நிமிடம் நடந்தே ஆகவேண்டுமாம். கேட்டால், "பாட்டு இல்லாமல் என்ன நடை?" ஆளுக்கு ஒரு பாட்டோ பழமொழியோ குரல் பதிவாக அனுப்புங்கள்.

தம்பி: ராத்திரி அனுப்புகிறேன்

பெரியண்ணன்: மீட்டிங்

சின்னக்கா: உனக்கு எப்போதுதான் மீட்டிங் இல்லை அண்ணா?

மாமா: குழந்தைகளே, அத்தான் கேட்பது நியாயம். நடப்பதற்கென்றே தமிழில் வழிநடைச் சிந்து என்று ஒரு வகை உண்டு. வழியில் வருகிற ஊர், சோலை, ஆறு எல்லாவற்றையும் பாடிக்கொண்டே போவார்கள், அலுப்பே தெரியாது. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் 19ஆம் நூற்றாண்டில் ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்குக் காவடியோடு நடந்தபோது பாடியதுதான்.

தம்பி: அப்பா ஹாலிலிருந்து பால்கனி வரைதான் மாமா

மாமா: அதனால் என்ன? கட்டில், அலமாரி, ஜன்னல், பால்கனி என்று வரிசையாகப் பாடுங்கள். வழி வழிதானே.

அத்தை: எங்கள் அம்மா சொல்வதைச் சொல்லுங்கள். நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை.

சின்னக்கா: அந்தப் பின்பாதி வேண்டாம் அத்தை. என் வீட்டில் அவரை யாரும் பாரமாக நினைக்கவில்லை.

அத்தை: ஐயோ, நான் அப்படியா சொன்னேன்?

பெரியண்ணன்: ஆரம்பித்துவிட்டீர்களா

அண்ணி: விடுங்கள். அவருடைய பச்சைச் சால்வை யாரிடம் இருக்கிறது?

தம்பி: என்னிடம்

நான்: நேற்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முதலில் வாக்கர், அப்புறம் அறுவை செய்த கால், அப்புறம் நல்ல கால். டக், சர்ர், தொப். மூன்று மூன்றாகத்தான் நகர்கிறார். அவர் முணுமுணுக்கிற பாட்டோ நாலு நாலாகப் போகிறது. நாலாவதற்குக் கால் இல்லை, அங்கேயே நின்றுவிடுகிறார்.

பாப்பா: சித்தி, அப்படியென்றால் திச்ர நடை! தகிட தகிட. தாளத்திலும் அதற்குப் பெயர் நடைதான். நாலு என்றால் சதுச்ரம். தாத்தாவுக்கு மூன்று வேண்டும்.

மாமா: சபாஷ்! இன்னொன்று. நாழிகை என்பது 24 நிமிடம். 20 நிமிடம் என்று மருந்து மாதிரி சொல்லாமல், "ஒரு நாழிகை பொடிநடையாகப் போய் வருவோமா அத்தான்" என்று கேட்டுப் பாருங்கள்.

அத்தை: பாடி அனுப்பியிருக்கிறேன். "தள்ளண்ணே, ஊன்றண்ணே, சேரண்ணே." சின்ன வயதில் தூளியை ஆட்டிக்கொண்டு அண்ணன் எனக்குப் பாடிய மெட்டுதான்.

தம்பி: அத்தை

தம்பி: இரண்டு முறை கேட்டுவிட்டேன்

சின்னக்கா: நடந்துவிட்டார்!! பால்கனி வரை போய்த் திரும்பினார். போகும்போது ஆமை மாதிரி, திரும்பும்போது எட்டிப் போடுகிறார். உட்கார்ந்ததும், "ஒரு எட்டு நம் வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடட்டுமா?" என்றார்.

மாமா: வீடு திரும்பும் வேகமே தனி. முல்லைப்பாட்டு 103 அடி. போருக்குப் போனவன் திரும்பி வருகிறான், அவன் குதிரைகளின் கனைப்பு காத்திருக்கும் மனைவியின் காது நிறையக் கேட்கிறது. அதோடு பாட்டு முடிகிறது. அவன் வாசலில் இறங்குவதைக்கூடப் புலவர் சொல்லவில்லை.

பெரியண்ணன்: வாசலில் நாலு படி. கைப்பிடி கிடையாது.

சின்னக்கா: அம்மா இருந்தபோதே கைப்பிடி போடச் சொன்னேன். சாவி உன்னிடம்தானே?

பெரியண்ணன்: ஞாயிறு பேசலாம்

நான்: எந்த ஞாயிறு அண்ணா?

அண்ணி: சாவியை நான் எடுத்து வருகிறேன். படியையும் அளந்து வைக்கிறேன்.

அத்தை: அண்ணன் சின்னவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்ல விடாதீர்கள். "போய் வருகிறேன்" என்றுதான் சொல்லவேண்டும். அவள் வீடும் அவர் வீடுதான்.

சின்னக்கா: சரி அத்தை.

பாப்பா: அத்தைப் பாட்டி, தாத்தா மறுபடி எழுந்துவிட்டார். இன்னும் நீளமாகப் பாடி அனுப்பச் சொல்கிறார். இந்தப் பாட்டு ஜன்னலோடு முடிந்துவிடுகிறதாம்.